‘செகண்ட்ஸ்’ (1966): ஆசையின் குற்றமா, மன உறுதியின் குறைவா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதால், முதலில் அவற்றைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய ‘செகண்ட்ஸ்’ படத்தைப் பார்த்த பிறகு, “ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்பதைத்தான் இந்தப் படம் சொல்கிறதா, அல்லது அந்த மனிதருக்குக் கொஞ்சம் மன உறுதி இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நாயகனின் அழிவுக்குக் காரணம் ஆசை மிகுந்ததா, உறுதி குறைந்ததா என்பதே உங்கள் ஐயம் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே இல்லை என்பது என் எண்ணம். அவரிடம் ஆசை மிகக் குறைவாகவே இருந்தது; இருந்ததும் பிறர் கற்றுக்கொடுத்தது. உறுதி அவரிடம் நிறையவே இருந்தது. ஆனால் அந்த இரவல் ஆசைகளை நிறைவேற்றுவதிலேயே அது செலவாகி முடிந்திருந்தது. திரைக்கதை அமைப்பைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், காட்சிகளில் இருப்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உளவியலிலும் தத்துவத்திலும் நான் வாசகன் மட்டுமே என்பதால், அவற்றைத் தொடும் இடங்களை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவும் அதில் அடங்கும். நியூயார்க்கின் புறநகரில் வசிக்கும் ஆர்தர் ஹாமில்டன் என்ற வங்கி அதிகாரிக்கு, இறந்துவிட்டதாக அவர் நம்பியிருந்த பழைய நண்பர் சார்லியிடமிருந்து இரவில் தொலைபேசி அழைப்பு வருகிறது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் முகவரிச் சீட்டு ஒன்றை அவரிடம் தந்துவிட்டுப் போகிறார். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால், ஓர் இறைச்சிக் கிடங்கின் வழியாக, ‘கம்பெனி’ என்று மட்டுமே அழைக்கப்படும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறார். ஏறத்தாழ 30,000 டாலர் கட்டணத்தில் அந்த நிறுவனம் அவரை இறந்தவராக்கிவிடும். அவருடைய இடத்தில் ஒரு சடலத்தை வைக்கும். அறுவைசிகிச்சையால் வேறு முகம் தந்து, வேறு பெயரில், வேறு ஊரில் வாழவைக்கும். டோனி வில்சன் என்ற ஓவியராகக் கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் குடியேறும் அவரால் அந்த வாழ்வில் ஒட்ட முடிவதில்லை. மீண்டும் ஒரு வாய்ப்புக் கேட்டுக் கம்பெனிக்குத் திரும்புகிறார். இன்னொருவருக்கான சடலமாகப் பயன்படுவதற்காக அறுவைசிகிச்சை மேசைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார்.

இனி ஆசைக்கு வருகிறேன். ஆசை மிகுந்தவரின் கதை என்றால், கம்பெனியின் வாசலை மிதிக்கும்போதே அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்க வேண்டும். ஹாமில்டனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் காட்டவே ஒரு முழுக் காட்சியை இயக்குநர் ஒதுக்கியிருக்கிறார். கம்பெனியை நிறுவிய முதியவர் (வில் கியர் நடித்திருக்கிறார்) அவர் அருகில் வந்து அமர்ந்து, பேரனிடம் பேசும் தாத்தாவைப் போன்ற குரலில், உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எதுதான் முக்கியம் என்று விசாரிக்கிறார். ஹாமில்டன் யோசித்து யோசித்துச் சொல்கிறார்: விரைவில் வங்கித் தலைவராகக்கூடும், படகு ஒன்று இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், மனைவியோடு சண்டை ஏதும் இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்கும்போது அவருடைய குரல் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. இங்கே ஹாமில்டனாக வரும் ஜான் ராண்டால்ஃபின் நடிப்பைக் கவனித்துப் பாருங்கள். தன் வாயிலிருந்து வரும் பட்டியல் எவ்வளவு வெறுமையானது என்று சொல்லும்போதே கண்டுகொள்ளும் ஒரு முகம் அது. முதியவர் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. மறுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. கம்பெனி அவருக்கு ஆசை காட்டி மயக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வையில் கம்பெனி செய்தது அதைவிட எளிய வேலை: அவருக்கு ஆசை எதுவும் இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு, அந்தக் காலியிடத்தில் தன் சரக்கை வைத்துவிட்டது.

அந்த உரையாடலுக்கு முன்பே மிரட்டலும் நடந்து முடிந்துவிடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குடிக்கக் கொடுத்த பானத்தில் மருந்து கலந்து, மயக்க நிலையில் அவர் ஒரு பெண்ணிடம் வன்முறையாக நடந்துகொள்வதுபோல் ஏற்பாடு செய்து, அதைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ரூபி என்ற அலுவலர் (ஜெஃப் கோரி) சாப்பாட்டுத் தட்டிலிருந்து கோழியைப் பிய்த்துத் தின்றுகொண்டே சடலத்துக்கான ஏற்பாடு, செலவு, ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு காப்பீட்டு முகவரின் நிதானத்தோடு விளக்குகிறார். இந்தக் காட்சியில் நகைச்சுவையும் அருவருப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. இதற்குப் பிறகுதான் முதியவரின் கனிவு வருகிறது. அதற்குப் பிறகுதான் கையெழுத்து. கையெழுத்துப் போட்டது ஹாமில்டனின் சம்மதத்தாலா, அச்சத்தாலா என்று கேட்டால், படம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் பதிலை நமக்கே விட்டுவிடுகிறது. ஒன்று மட்டும் உறுதி: மிரட்டல் தேவையே இல்லாமல் போயிருக்கும் அளவுக்கு அவர் ஏற்கெனவே தளர்ந்திருந்தார். திரைப்படத்தில் ஒரு மனிதரின் மன உறுதியை உடைக்கும் காட்சி எதுவும் இல்லை. உறுதி தேவைப்படும் சந்தர்ப்பம் ஒவ்வொன்றிலும் அவருக்காக வேறு யாரோ முடிவெடுத்து முடித்திருக்கிறார்கள்.

இதே இயக்குநர் 1962-இல் எடுத்த ‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’ படத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே ஒரு போர்க்கைதியின் மனத்தை மூளைச்சலவை செய்து, அவர் அறியாமலே கொலை செய்யவைக்கிறார்கள். அந்த மூளைச்சலவை நிபுணராக நடித்த கை டீ என்ற நடிகரே ‘செகண்ட்ஸ்’ படத்தில் டவாலோ என்ற வாழ்க்கை வழிகாட்டியாக வருகிறார். இது தற்செயலான நடிகர் தேர்வு என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆயினும் திட்டமிட்டது என்று அறுதியிட்டும் சொல்ல மாட்டேன். முந்தைய படத்தில் ஒருவரின் விருப்பாற்றலைத் திருடுவதற்கு ஓர் எதிரி நாடும் ஹிப்னாடிசமும் தேவைப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, உள்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று மரியாதையாகக் கேட்டே அதைச் சாதித்துவிடுகிறது. மருந்தின் தாக்கத்தில் ஹாமில்டன் உளறியதைப் பதிவுசெய்த ஒலிநாடாவை டவாலோ போட்டுக் காட்டி, நீங்கள் ஓவியர் ஆக விரும்பினீர்கள், இதோ ஆக்கிவிட்டோம் என்கிறார். சான்றிதழ்கள் தயார், வரைந்து முடித்த ஓவியங்களும் தயார். இனி நீங்கள் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, உங்கள் சொந்த நலனைத் தவிர எந்தப் பொறுப்பும் உங்களுக்கு இல்லை என்று அவர் வாழ்த்துவதுபோல் சொல்கிறார். படத்தின் மிகக் கொடூரமான வசனம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஓவியராக விரும்பும் ஒருவர் முதலில் மோசமாக வரைய வேண்டும், வெட்கப்பட வேண்டும், மறுபடி வரைய வேண்டும். அந்தப் பாதை முழுவதையும் அழித்துவிட்டு அதன் முடிவை மட்டும் கையில் கொடுத்தால், விருப்பம் எதைப் பற்றிக்கொண்டு வளரும்?

மாலிபு வீட்டின் ஓவியக்கூடத்தில் வில்சன் (இப்போது ராக் ஹட்சன்) எதையும் உருப்படியாக வரைய முடியாமல் நிற்பதை நீங்கள் மன உறுதிக் குறைவு என்று வாசித்திருக்கிறீர்கள். உட்கார்ந்து தினமும் வரைந்திருந்தால் ஓவியராகியிருப்பாரே என்பது உங்கள் வாதம். மன உறுதியைத் தேக்கிவைத்துச் செலவழிக்கும் ஒரு பொருளாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. உளவியலிலும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கோட்பாடு செல்வாக்கோடு இருந்தது. ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள் அதன் பிறகு தரப்பட்ட புதிரை விரைவிலேயே கைவிட்டார்கள் என்றும், ஓரிடத்தில் செலவான கட்டுப்பாடு வேறிடத்தில் கிடைப்பதில்லை என்றும் சொன்னார்கள். 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து அந்தக் கோட்பாட்டை வேறொரு சோதனை வழியாகப் பரிசோதித்தபோது, அப்படியொரு விளைவு ஏறக்குறைய இல்லை என்றே முடிவு வந்தது. துறைக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் அதில் நடுவர் அல்லன். வில்சனைப் பொறுத்தவரை ‘உறுதி தீர்ந்துவிட்டது’ என்ற விளக்கம் பொருந்தவில்லை என்பதை மட்டும் படத்தை வைத்தே காட்ட முடியும். ஹாமில்டனாக அவர் பல ஆண்டுகள் வங்கியில் படிப்படியாக உயர்ந்தவர். ஒழுங்கும் விடாமுயற்சியும் அவருக்குப் புதியவை அல்ல.

திராட்சை மிதிக்கும் விழாவையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். கடற்கரையில் அறிமுகமான நோரா (சலோமே ஜென்ஸ்) அவரைச் சாண்டா பார்பராவுக்கு அழைத்துச் செல்கிறாள். ஆண்களும் பெண்களும் ஆடை களைந்து பெரிய தொட்டிக்குள் இறங்கித் திராட்சையை மிதித்துக் கூத்தாடுகிறார்கள். வில்சன் விலகி நிற்கிறார், நோராவைத் தடுக்கப் பார்க்கிறார், கத்துகிறார். கூட்டம் அவருடைய ஆடைகளைப் பிடுங்கித் தொட்டிக்குள் இழுத்துப்போட்ட பிறகு, சற்று நேரத்தில் அவரும் சிரித்துக் கூவத் தொடங்குகிறார். கட்டுப்பாடு உடைந்து இயற்கையான ஆசை வெளிப்படும் விடுதலைக் காட்சி என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தொட்டிக்குள் இறங்கவில்லை, இறக்கப்பட்டார். கையெழுத்து எப்படி நடந்ததோ அதே முறைதான்: எதிர்ப்பு, பிடி, பிறகு இணக்கம். அந்த நோராவும் கம்பெனியின் ஊழியர் என்பதும், வில்சன் தன் வீட்டில் தந்த விருந்துக்கு வந்தவர்கள் அவரைப் போலவே மறுபிறவி எடுத்தவர்கள் என்பதும் பின்னால் தெரியவரும்போது, அன்றைய பரவசமும் சேவைக் கட்டணத்தில் அடங்கியதுதானோ என்று கேட்கத் தோன்றுகிறது. நோராவுக்கு அவர்மீது உண்மையான பரிவு சிறிதேனும் இருந்ததா என்பதைப் படம் திறந்தே விட்டிருக்கிறது.

ஒளிப்பதிவும் இந்தக் கருத்தையே சொல்கிறது. ஜேம்ஸ் வோங் ஹோ முகங்களை மிக அருகிலிருந்து அகலக்கோண லென்ஸில் பிடித்து, சுவர்களையும் உத்திரங்களையும் வளைத்துக் காட்டுகிறார். ரயில் நிலையக் காட்சியில் கேமராவை நடிகரின் உடலோடு பிணைத்து எடுத்திருக்கிறார்கள். அதனால் உடல் சட்டகத்தின் நடுவில் அசையாமல் நிற்க, நிலையமும் கூட்டமும் அதைச் சுற்றி ஆடி நகர்கின்றன. நடப்பவர் நடப்பதாகவே தெரியவில்லை. ஏதோ ஒன்று அவரை ஏந்திக்கொண்டு போகிறது. சொந்தக் காலில் நடக்கும் மனிதரைக் கடத்தப்படுபவராகக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழியை நான் வேறெந்தப் படத்திலும் கண்டதில்லை.

படத்தின் திறவுகோல், என் கணக்கில், வில்சன் தன் மனைவியையே அந்நியராகச் சந்திக்கும் காட்சி. இறந்துபோன ஹாமில்டனின் நண்பர் என்று சொல்லிக்கொண்டு அவர் எமிலியின் (ஃபிரான்சிஸ் ரீட்) வீட்டுக்குப் போகிறார். கணவரைப் பற்றி அவள் கசப்பில்லாமல் பேசுகிறாள். எதை விரும்ப வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதோ அதற்காக அவர் கடுமையாகப் போராடினார், கிடைத்த பிறகு மேலும் மேலும் குழம்பிப்போனார், செத்துப்போவதற்கு வெகுகாலம் முன்பே அவர் இறந்துவிட்டிருந்தார் என்ற பொருளில் அவள் பேச, வில்சன் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பேச்சிலேயே விடை இருக்கிறது. போராடினார் என்கிறாள், ஆகவே உறுதி இருந்தது. கற்றுக்கொடுக்கப்பட்டதற்காகப் போராடினார் என்கிறாள், ஆகவே அந்த ஆசை அவருடையதாக இல்லை. தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1971-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், விலங்குக்கும் ஆசை உண்டு, ஆனால் எந்த ஆசை தன்னை இயக்க வேண்டும் என்று விரும்புவதே மனிதராயிருப்பதன் அடையாளம் என்று வாதிட்டார். படம் அதற்கு ஐந்து ஆண்டுகள் மூத்தது. எனவே செல்வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் ஹாமில்டனிடம் என்ன இல்லை என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. வங்கித் தலைவர் பதவியை அவர் விரும்பினார். அந்தப் பதவியை விரும்பும் மனிதராக இருக்க விரும்புகிறேனா என்று ஒருமுறைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கொள்ளும் நாளும் வருகிறது, மிகத் தாமதமாக. கம்பெனிக்குத் திரும்பிய வில்சன், அங்கே தன்னைப் போலவே இரண்டாவது மாற்றத்துக்காகக் காத்திருக்கும் சார்லியைச் சந்திக்கிறார். முக்கியம் என்று பிறர் சொன்னவற்றின் பின்னால் பல ஆண்டுகள் ஓடினேன், கலிஃபோர்னியாவிலும் அதே கதைதான், அங்கும் எனக்கான முடிவுகளை மற்றவர்களே எடுத்தார்கள், இனி அப்படி இருக்காது என்று மனம் திறக்கிறார். படம் முழுவதிலும் அவர் தெளிவாகப் பேசும் இடம் இதுதான். ஆனால் அந்தத் தெளிவின் முடிவில் அவர் கேட்பது என்ன? புதிய முகமும் புதிய பெயரும் மட்டும் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று உணர்ந்தவர், அந்தத் தீர்மானத்துக்கும் அதே கடையின் வாசலில்தான் வரிசையில் நிற்கிறார். பிறகு முதியவரிடம், எனக்குக் கனவு என்று ஒன்று இருந்ததே இல்லைபோலும் என்று அவர் ஒப்புக்கொள்ளும்போது முதியவர் வருத்தத்தோடு தலையசைக்கிறார். அந்த வருத்தம் நடிப்பில்லை என்றே எனக்குப் படுகிறது, அதனால்தான் அது அச்சமூட்டுகிறது.

அடுத்துச் சொல்லப்போவது ஊகம் கலந்தது. கம்பெனியின் வணிகம் ஒருவர் இன்னொருவரைப் பரிந்துரைப்பதால் நடக்கிறது. சார்லி ஹாமில்டனின் பெயரைக் கொடுத்ததால்தான் அந்த முதல் அழைப்பே வந்தது. வில்சனிடமும் ரூபி ஒரு பெயரைக் கேட்கிறார். வில்சன் கொடுப்பதில்லை. அது அறம் சார்ந்த மறுப்பா, அல்லது தன் புதிய முகத்தைப் பற்றிய அவசரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. திரைக்குப் பின்னால் உள்ள உண்மை ஒன்று மட்டும் பதிவில் இருக்கிறது. ஜெஃப் கோரி, வில் கியர், ஜான் ராண்டால்ஃப் மூவரும் 1950-களில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டபோது, கம்யூனிஸ்ட் தொடர்புள்ளவர்களாகச் சக கலைஞர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகப் பல ஆண்டுகள் திரை வாய்ப்பை இழந்தவர்கள். அத்தகைய ஒருவரான கோரியை, புன்னகையோடு “ஒரு பெயர் சொல்லுங்கள்” என்று கேட்கும் அலுவலராக உட்கார வைத்திருக்கிறார் ஃபிராங்கன்ஹைமர். இதை அவர் எவ்வளவு எண்ணிச் செய்தார் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், படத்தில் வில்சன் செய்யும் சொந்தச் செயல் என்று சொல்லத்தக்கது இந்தப் பெயர் சொல்லாமை ஒன்றுதான். அதற்கான விலையைத்தான் அவர் அறுவைசிகிச்சை மேசையில் தருகிறார். என் மாணவர்களில் பாதிப் பேர் இதை ஏற்பதில்லை, அவர்கள் வாதத்திலும் வலு இருக்கிறது: தான் எதை மறுக்கிறோம் என்று அறியாத மறுப்பை விருப்பாற்றல் என்று அழைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

ராக் ஹட்சனின் சொந்த வாழ்க்கையை வைத்துப் படத்தை வாசிக்கும் போக்கும் இருக்கிறது. தன்னுடைய தன்பாலின ஈர்ப்பை மறைத்து, ஸ்டுடியோ உருவாக்கிய ஒரு பிம்பத்துக்குள் வாழ்ந்த நடிகர், பிறர் தந்த முகத்துக்குள் மூச்சுத் திணறும் மனிதராக நடித்திருக்கிறார் என்பது நெஞ்சைத் தொடும் பொருத்தம்தான். ஆனால் அது 1985-இல் அந்த ரகசியம் பரவலாக வெளிவந்த பிறகு நாம் படத்தின் மேல் ஏற்றியது. 1966-இன் பார்வையாளருக்குக் கிடைக்காத பொருள். அதே ஆண்டு கான் விழாவில் படத்துக்கு மோசமான வரவேற்பு, திரையரங்குகளில் தோல்வி. ஹட்சனைக் காதல் நகைச்சுவைப் படங்களில் பார்த்துப் பழகியவர்கள் இதற்குத் தயாராக இல்லை. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததோடு சரி. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் முழுமையான பிரதியைத் தேடிப் பாருங்கள். அமெரிக்க வெளியீட்டில் திராட்சை விழாக் காட்சியின் நிர்வாணப் பகுதிகள் வெட்டப்பட்டன. பிற்காலப் பிரதிகளில்தான் அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. வெட்டிய வடிவில் வில்சனின் எதிர்ப்பும் இணக்கமும் அவசர அவசரமாகக் கடந்துபோய்விடுவதால், அவர் ஆசைக்குப் பலியானவர் என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடும். உங்கள் கேள்வியின் முதல் பாதி அந்தப் பிரதியைப் பார்த்ததால் எழுந்ததாகவும் இருக்கலாம். டேவிட் ஈலியின் மூல நாவலைப் படிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் முதியவர் காட்சியையும் எமிலி காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நான் சொன்னதில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று எழுதுங்கள்.